கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? பீப் ஒலியும் விளக்குகளும் சொல்வது என்ன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. இல்லையென்றால் உள்ளேயிருந்து விட்டுவிட்டு பீப் பீப் என்று சத்தம். அதுவும் இல்லையென்றால் மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகை) ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்த நிலைக்கு வருவார்கள். அப்போது வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. லேப்டாப்புக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

ப்ளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால், 24 பின் கனெக்டரில் உள்ள பச்சை வயரை மதர்போர்டு கிரவுண்டோடு சேர்க்கிறது. உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் தர ஆரம்பிக்கிறது. மூன்றும் நிலைக்கு வந்ததும், 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள், சாம்பல் நிற வயர் வழியாக 'பவர் குட்' என்ற சமிக்ஞை போகிறது. அது வந்தால்தான் ப்ராசஸர் வேலையைத் தொடங்கும். வராவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

அதன்பிறகு ப்ராசஸர், மதர்போர்டில் உள்ள சிப்பிலிருந்து பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் நிரல்) படித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது. இந்தச் சோதனைக்குத்தான் போஸ்ட் என்று பெயர். முதலில் ப்ராசஸரும் சிப்செட்டும், அப்புறம் ராம் (தற்காலிக நினைவகம்), அப்புறம் கிராபிக்ஸ், கடைசியில் கீபோர்டு, ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

கிராபிக்ஸ் தயாராவதற்கு முன்னால் ஏதாவது தடங்கல் வந்தால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால்தான் பீப் ஒலி. 1981-ல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. இன்றைய விளக்குகளும் இரண்டு இலக்க எண்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அப்படியென்றால் பீப் ஒலி எது கெட்டுப்போனது என்று சொல்லிவிடுமா?

சொல்லாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிப் பணம் மிச்சமாகும். பீப், விளக்கு, எண் மூன்றுமே சோதனை எந்த இடத்தில் நின்றது என்றுதான் சொல்கின்றன. பஸ் எந்த ஸ்டாப்பில் நின்றுவிட்டது என்று தெரிந்தால் டயர் பஞ்சரா, டீசல் தீர்ந்ததா என்று தெரிந்துவிடுமா?

ராம் சோதனையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராம் கெட்டிருக்கலாம். ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஸ்லாட்டில் தூசி இருக்கலாம். அந்த மதர்போர்டுக்கு ஒத்துவராத ராமாக இருக்கலாம். பயாஸில் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கலாம். ராமைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இப்போதெல்லாம் ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது. ஆகவே ப்ராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரின் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் அதே 'ராம்' எச்சரிக்கைதான் வரும். பீப்பைக் கேட்டதும் ராம் வாங்க ஓடுபவர்கள் பலர். புது ராம் போட்டும் அதே பீப் வந்தால் அப்போதுதான் சாக்கெட் பக்கம் பார்க்கிறார்கள்.

எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம்?

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. இணையத்தில் சுற்றும் ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பயாஸை எழுதிய நிறுவனம் எது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

அவார்டு பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறுகிய பீப்பும் வந்தால் கிராபிக்ஸ். நீண்ட பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம்.

ஏஎம்ஐ பயாஸில் குறுகிய பீப் மூன்று என்றால் ராமின் அடிப்படைச் சோதனை தோற்றது, ஐந்து என்றால் ப்ராசஸர், எட்டு என்றால் கிராபிக்ஸ் நினைவகம். பழைய ஏஎம்ஐ பட்டியலில் ஒரே ஒரு பீப்புக்கும் ராம் கோளாறு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு குறுகிய பீப் வந்து, திரையிலும் படம் வந்தால், எல்லாம் நலம் என்று அர்த்தம். பட்டியலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

ஃபீனிக்ஸ் பயாஸ் தனி ரகம். 1-3-1-1 என்பதுபோல நான்கு தொகுதிகளாக ஒலிக்கும், நடுவில் சிறு இடைவெளி விடும். இதை எண்ணத் தனிப் பொறுமை வேண்டும்.

டெல் டெஸ்க்டாப்களில் இரண்டு பீப் என்றால் ராமே தென்படவில்லை. நான்கு என்றால் ராம் இருக்கிறது, ஆனால் சோதனையில் தோற்றது. ஐந்து என்றால் மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி. ஆறு கிராபிக்ஸ், ஏழு ப்ராசஸர். புதிய டெல் மாடல்களில் பீப்புக்குப் பதில் பவர் பட்டன் விளக்கே ஆம்பர் நிறத்தில் சில தடவை, வெள்ளையில் சில தடவை என்று மின்னும். ஆம்பர் இரண்டு, வெள்ளை மூன்று என்றால் ராம் தென்படவில்லை என்று பொருள். ஹெச்பியிலும் இதே பாணிதான்: முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை. சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு என்றால் ராம் கட்டத்தில் நின்றுவிட்டது. சிவப்பு மூன்று, வெள்ளை மூன்று என்றால் கிராபிக்ஸ் கட்டம்.

எண்ணும்போது தவறு வருவது சகஜம். எது நீளம், எது குட்டை என்று முதல் தடவை கேட்கும்போது பிடிபடாது. மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஒலியும் விளக்கும் ஒன்றாகப் பதிவாகும், நிதானமாகப் பார்த்து எண்ணலாம். மெஷினை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து, இரண்டாவது முறையும் அதே வரிசை வருகிறதா என்று பாருங்கள். தடவைக்குத் தடவை மாறினால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வரவேண்டும்.

என் கம்ப்யூட்டரில் பீப்பே வருவதில்லையே?

ஸ்பீக்கரே இருக்காது. மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரைச் சொல்லவில்லை. மதர்போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய நான்கு பின் இடத்தில் செருகும் சுண்டைக்காய் அளவு பஸ்ஸரைச் சொல்கிறேன். முன்பெல்லாம் கேபினட்டோடு வந்துகொண்டிருந்தது, இப்போது பெரும்பாலும் வருவதில்லை. மலிவான பொருள்தான். சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர்கள் ஒன்றை மேசை டிராயரில் போட்டு வைத்திருப்பது நல்லது.

பஸ்ஸர் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பஸ்ஸரைச் செருகி மெஷினை ஆன் செய்யுங்கள். ராம் இல்லை என்று அது கத்த வேண்டும். கத்தினால் ரொம்ப நல்லது. எஸ்எம்பிஎஸ் ஓரளவுக்கு வேலை செய்கிறது, ப்ராசஸர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் படிக்கப்படுகிறது என்று ஒரே சத்தத்தில் தெரிந்துவிடும். மூச்சே விடவில்லை என்றால் சிக்கல் ராமுக்கு முந்தைய கட்டத்தில்: ப்ராசஸர், மதர்போர்டு, பயாஸ், மின்சாரம். அப்போது ராமை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

மதர்போர்டில் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அது என்ன?

சில ஆண்டுகளாக வரும் போர்டுகளில், பெரும்பாலும் 24 பின் கனெக்டர் பக்கத்தில், நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். அருகில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆசுஸ் இதை க்யூ-எல்இடி என்கிறது, எம்எஸ்ஐ ஈஸி டீபக் எல்இடி என்கிறது. வேலை ஒன்றுதான். நிறம் போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் நிறத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள்.

ஆன் செய்ததும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைவது இயல்பு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சோதனை மாட்டிக்கொண்டிருக்கிறது.

சிபியு விளக்கு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கென்று தனியாகச் செருகும் 8 பின் பவர் கனெக்டர். புதிதாக அசெம்பிள் செய்த மெஷினில் இதைச் செருகாமல் விடுவது அடிக்கடி நடக்கும். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், விளக்குகள் ஜொலிக்கும், திரை மட்டும் வராது. கனெக்டர் சரியாக இருந்தால், அந்தப் ப்ராசஸரை உங்கள் போர்டின் பயாஸ் பதிப்பு ஆதரிக்கிறதா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். போர்டு பழையது, ப்ராசஸர் புதியது என்றால் பயாஸை அப்டேட் செய்தால்தான் அது அடையாளம் காணும். சில போர்டுகளில் ப்ராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றிக்கொள்ள ஒரு தனி பட்டன் இருக்கும்.

டிராம் விளக்கு என்றால் ராம் பற்றிய கேள்விக்குப் போங்கள். விஜிஏ என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மறுபடி செருகி, அதன் பவர் கேபிளையும் பாருங்கள். பூட் விளக்கு என்றால் பயப்படவே வேண்டாம், ஹார்டுவேர் சோதனை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. விண்டோஸ் இருக்கும் டிரைவ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு இலக்க எண் காட்டுகிறது. அதை எப்படிப் படிப்பது?

விலை கூடிய போர்டுகளில் ஒரு சின்ன எண் பலகை இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்ணை பயாஸ் அனுப்புகிறது. உங்கள் போர்டின் கையேட்டில்தான் சரியான அர்த்தம் இருக்கும். ஏஎம்ஐ பயாஸில் அடிக்கடி தென்படுபவை சில: 55 என்றால் ராம் இல்லை அல்லது தெரியவில்லை. டி6 என்றால் படம் காட்ட எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை. 00 என்றே உறைந்து நின்றால் ப்ராசஸர் தொடங்கவே இல்லை.

ஏஏ என்று காட்டுகிறதே என்று பதறிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் ஒழுங்காகத் திறந்துவிட்டது, எண் மட்டும் ஏஏ-வில் நிற்கிறது என்றால் அது கோளாறே இல்லை. கட்டுப்பாட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைத்தாயிற்று என்று அர்த்தம்.

ராம்தான் என்று சொல்கிறது. எப்படிச் சோதிப்பது?

மின்சாரத்தைத் துண்டியுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ராமை எல்லாம் கழற்றி ஒன்றை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ராமுக்கு அதுதான் இடம். உட்கார வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பூட்டுகளைத் திறந்து, ராமின் பள்ளம் ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு ஓரங்களிலும் கட்டை விரலை வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். 'டக்' என்று கேட்கும், பூட்டு தானாக மூடும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு இருக்கும், அந்தப் பக்கம் மூடியதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவோம். மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தங்க நிறப் பட்டை ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை.

ஒன்றை வைத்து ஆன் ஆனால் அடுத்ததை அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக வேலை செய்து, ஒன்றாகப் போட்டால் மட்டும் தகராறு என்றால் ஸ்லாட்டோ, இரண்டு வேறு வகை ராம்களின் ஒவ்வாமையோ காரணமாக இருக்கும். ஒன்று மட்டும் எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யவில்லை என்றால் அது போய்விட்டது.

அழிரப்பரால் தேய்ப்பது நம்மிடையே பெரிய வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போனால் வேறு தலைவலி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் போடுவதுதான் என் கட்சி.

புதிய டிடிஆர்5 (புதுத் தலைமுறை ராம்) மெஷின். முதல் முறை ஆன் செய்தால் பல நிமிடமாகத் திரை கருப்பு. கெட்டுவிட்டதா?

அணைக்காதீர்கள், காத்திருங்கள். புது ராமைப் பார்த்ததும் அதற்கேற்ற வேகத்தையும் நேர அளவுகளையும் பயாஸ் பழகிக்கொள்கிறது. டிடிஆர்5-ல் இது சில நிமிடம்கூட நீளும், நடுவில் மெஷின் தானாக அணைந்து எழுவதும் உண்டு. டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பார்ப்பதற்குக் கோளாறு போலவே இருக்கும். ராம் நிறைய இருந்தால் நேரமும் கூடும். கால் மணி நேரம் விட்டும் மாற்றம் இல்லையென்றால் மட்டும் ஒற்றை ராமில் முயலுங்கள். பயாஸை ரீசெட் செய்தாலும் இந்தப் பழகும் வேலை மறுபடி நடக்கும்.

எந்த எச்சரிக்கையும் இல்லை, எல்லாம் சரியாக ஓடுவதுபோல இருக்கிறது, திரை மட்டும் வரவில்லை. ஏன்?

கீபோர்டில் நம்லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வந்து சேரவில்லை.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. கார்டு இல்லாத மெஷின் என்றால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசைவரை பெயரில் ஜி இல்லாதவற்றுக்கும் அதே கதைதான். பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி விற்றுவிட்டு, 'ப்ராசஸர் கெட்டுவிட்டது' என்று அலைபவர்களுக்கு இந்த ஒரு எழுத்துதான் விடை.

பட்டனை அழுத்தினால் ஃபேன் அரை விநாடி சுற்றி நின்றுவிடுகிறது.

எங்கோ ஷார்ட் சர்க்யூட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. இதுதான் முதல் சந்தேகம். முன்பக்க யுஎஸ்பி கேபிள்கள், ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். நின்றுவிடாமல் ஓடினால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செருகுங்கள், எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். அப்படியும் நின்றால் மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ராம் மட்டும் வைத்து முயலுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால், போர்டுக்குக் கீழே இருக்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது அல்லது ஒரு ஸ்க்ரூ விழுந்து கிடக்கிறது.

முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் உள்ளே இருக்கும் தகடு வளைந்து ஷார்ட் ஆவதும் நடக்கும். ஆசுஸ் போர்டுகளில் அப்போது, யுஎஸ்பியில் அதிக மின்சாரம் போகிறது, 15 விநாடியில் அணையப்போகிறேன் என்று திரையிலேயே சொல்லிவிடும்.

எதுவுமே நடக்கவில்லை. ஒரு விளக்குகூட இல்லை.

சுவர் ஸ்விட்ச், பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சிறிய ஸ்விட்ச். சிரிக்காதீர்கள், அந்தப் பின் ஸ்விட்சைத் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருப்பது ரொம்ப சாதாரணம். அதெல்லாம் சரி என்றால் கேபினட்டின் பவர் பட்டனே கெட்டிருக்கலாம். மதர்போர்டில் அந்தப் பட்டனின் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை, வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். மெஷின் எழுந்துவிட்டால் பட்டன்தான் பழுது. ரீசெட் பட்டனின் வயரை அங்கே செருகிக்கொண்டு காலத்தை ஓட்டலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஓரளவுக்கு. 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கருப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு ஸ்விட்சைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வயரும் கருப்பாக இருக்கும் மாடல் என்றால் நிறத்தை நம்பமுடியாது. பச்சை 16-வது பின், சாம்பல் 8-வது பின். கையேட்டின் படத்தை வைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறியது நல்ல எஸ்எம்பிஎஸ் என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது படுத்துவிடும் ரகம் நிறைய. வோல்ட் அளவில் தேறாதது கெட்டது என்பது மட்டும் உறுதி. இன்னொரு விஷயம்: எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

காலையில் மட்டும் ஆன் ஆகாமல் மக்கர் செய்கிறது. நாலைந்து தடவை தட்டினால் வந்துவிடுகிறது.

வயதான கெபாசிட்டர். சூடேறினால் ஓரளவு வேலை செய்யும், குளிர்ந்தால் செய்யாது. டார்ச் அடித்து மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றியுள்ள உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ காரணம் தெரிந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் இந்த உப்பலுக்குப் பேர்போனவை. போர்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் அதே கதை நடந்துகொண்டிருக்கலாம். இது நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர சரியாகாது. மெஷின் எழும் நாளிலேயே முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

'சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 அழுத்தவும்' என்று வருகிறது. தேதியும் தப்பாக இருக்கிறது.

பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடம்தான் சிமாஸ். அதற்கு மின்சாரம் தரும், மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி அது. அளந்து 2.7-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரியை எடுத்தாலும், 'கிளியர் சிமாஸ்' ஜம்பரைத் தொட்டாலும் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அதில் டிரைவ் இயங்கும் முறை மாறிவிட்டால், நேற்றுவரை ஓடிய விண்டோஸ் நீலத்திரை காட்டும். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கலாம். ஆகவே மெஷின் இன்னும் எழுகிறது என்றால், முதலில் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, மீட்பு எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் பேட்டரியில் கை வையுங்கள்.

'சிபியு ஃபேன் எரர்' வருகிறது, ஆனால் ஃபேன் சுற்றுகிறதே?

வயர் வேறு இடத்தில் செருகப்பட்டிருக்கும். 'சிபியு ஃபேன்' என்று எழுதிய பின்னில் சுழற்சி வேகம் தெரியாவிட்டால் பயாஸ் நிறுத்திவிடும். தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும், பம்ப்பின் வயர் வேறொரு இடத்தில் இருக்கும். ஃபேன் உண்மையிலேயே நின்றிருந்தால் எஃப்1 அழுத்தி ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்றால் ஹார்டு டிஸ்க் போய்விட்டதா?

பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் டிரைவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்தால் பூட் வரிசை மாறியிருக்கும் அல்லது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் கெட்டிருக்கும். பெயரே இல்லை என்றால் டிரைவையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளையும் அதன் பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று தாளம் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் தகவல் முக்கியம் என்றால் ஒவ்வொரு முயற்சியும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். திரையில் 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' (டிஸ்க் தன்னைத்தானே சோதித்துத் தரும் எச்சரிக்கை) என்று வந்து, ஆனாலும் விண்டோஸ் திறந்தால் அது டிஸ்க் கொடுக்கும் அவகாசம். அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

'கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்' என்கிறதே, கீபோர்டு இல்லாமல் எப்படி அழுத்துவது?

பயாஸ் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். கீபோர்டை வேறு யுஎஸ்பி போர்ட்டில், ஹப் எதுவும் இல்லாமல் நேராகச் செருகுங்கள். வயர்லெஸ் கீபோர்டு என்றால் ஒரு வயர் கீபோர்டைக் கடன் வாங்குங்கள்.

கடைக்குக் கொண்டுபோக முடிவு செய்தால் என்ன சொல்ல வேண்டும்?

'ஆன் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். பீப் வரிசையின் வீடியோ, எந்த விளக்கு நின்றது, ராம் இல்லாமல் ஆன் செய்தபோது கத்தியதா, கோளாறு வருவதற்கு முன்னால் என்ன மாறியது என்று சொல்லுங்கள். புது ராம் போட்டீர்களா, இடி இடித்ததா, மெஷினை இடம் மாற்றினீர்களா, தூசி தட்டினீர்களா? கடைசியாகத் தொட்ட இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பதுதான் அனுபவமுள்ள டெக்னீஷியன்களின் வழக்கம். 'மதர்போர்டு போயிடுச்சு' என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னால், வேறு ராமும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஹார்டு டிஸ்க்கில் முக்கியமானது ஏதாவது இருந்தால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போஸ்ட் சோதனையில் நிற்கும் கோளாறைக் கண்டுபிடிக்க டிஸ்க் தேவையே இல்லை.